ஒஸ்லோவில் எழும்பாமல் இருந்த நாற்பது நிமிடம்

வெள்ளிக்கிழமை, காலை 5.40

ஹம்மர்பெஸ்ட் பேருந்து நிலையத்தில் நானும் மனைவியும் மட்டும் நின்றோம். பூச்சியத்துக்குக் கீழே ஒன்பது பாகை. என் முதுகில் ஒரு பை, கையில் குளிர் போகாத ஒரு வெள்ளை றெஜிபோம் நுரைப்பெட்டி. பெட்டிக்குள் நான்கு கிலோ தொர்ஸ்க் மீன், துண்டு போட்டு உறையவைத்தது; ஒஸ்லோவில் இருக்கும் மச்சான் நேசனுக்கு. விமானச் சீட்டு அச்சடித்தது ஒன்று பையில், இன்னொன்று உள்சட்டையில், தொலைபேசியிலும் ஒன்று. மூன்றும் தொலைந்தால் என்ன செய்வது என்று மனைவியிடம் கேட்டேன்.

"மூண்டும் துலைஞ்சால் வீட்டை வாங்கோ," என்றாள். "சீட்டை விடுங்கோ. நான் சொன்னது ஞாபகம் இருக்கோ?"

"ஓம்."

"சொல்லுங்கோ பாப்பம்."

"எழும்பமாட்டன்."

"பிள்ளை விழுந்தால்?"

"விழுந்தாலும் எழும்பமாட்டன்."

அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அந்த வார இறுதிக்கு வேலையை மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவள் பக்கத்தில் இருந்து என் சட்டையைப் பிடித்து வைத்திருப்பாள். எனக்கும் அது சுகமாக இருந்திருக்கும்.

எங்கள் மகள் ஆரணி துரொண்ட்ஹெய்மில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அங்கே மாணவிகளின் கூடைப்பந்து அணியில் விளையாடுகிறாள். கிழக்கு, மத்திய நோர்வேயின் பல்கலைக்கழக, கல்லூரி அணிகள் எட்டு ஒரு வட்டாரமாகச் சேர்ந்து, குளிர்காலம் முடிகிற நேரத்தில் ஒரு கிண்ணத்துக்காக மோதும். இந்த வருட இறுதிப் போட்டி ஒஸ்லோவில். ஒரு பக்கம் மகளின் அணி. மற்றப் பக்கம் ஒஸ்லோ அணி. மூன்று வருடமாகக் கிண்ணத்தை யாருக்கும் விடாமல் வைத்திருப்பது அதுதான்.

மகள் விளையாடுவதை நான் எட்டு வருடமாகப் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் ஒரு சோடி புரொடர். வடக்கில் தெருப் பனி உறைந்து கண்ணாடியாகிவிடும். சறுக்காமல் நடக்க, இரும்பு முள்ளு வைத்த றப்பர் பட்டியைச் சப்பாத்தின் அடியில் மாட்டுவோம். அதுதான் புரொடர். ஆரணிக்குப் பதினைந்து வயதில் அல்தா நகரில் ஒரு போட்டி. ஓடிவந்த பிள்ளை சறுக்கி விழுந்தாள். நான் படி பார்க்காமல் இறங்கி ஆடுகளத்துக்குள் ஓடினேன். புதிதாகப் போட்ட மரத்தளம். என் காலில் புரொடர் இருந்தது எனக்கு நினைவில்லை. நடுவட்டம் வரைக்கும் முள்ளுத் தடம் விழுந்தது. அதற்குள் அவள் தானாக எழும்பி, காற்சட்டையைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்டம் இருபது நிமிடம் நின்றது. மண்டபக் காவலாளி முழங்காலிட்டு ஒவ்வொரு துளையையும் விரலால் தடவிப் பார்த்தார். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் புரொடர். அதன்பிறகு போட்டி நாளை அவள் எனக்குச் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

இரண்டு கிழமைக்கு முன்னர் அவளே தொலைபேசி எடுத்தாள். "அப்பா, இது கடைசி வருசம். வந்து பாருங்கோ. ஆனால் ஒண்டு. என்ன நடந்தாலும் இருக்கிற இடத்தை விட்டு எழும்பக்கூடாது. போன வருசம் முழங்காலிலை ஒப்பரேசன் நடந்தது எண்டு த்ரேனரிட்டைப் போய்க் கதைக்கக்கூடாது. எழும்பினால், பிறகு நான் உங்களை ஒண்டுக்கும் கூப்பிடமாட்டன்."

த்ரேனர் என்றால் பயிற்சியாளர். ஒண்டுக்கும் என்றால் கல்யாணத்துக்கும் சேர்த்தா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

காலை 6.00

அல்தாவுக்கு 140 கிலோமீற்றர், இரண்டரை மணித்தியாலம். ஹம்மர்பெஸ்டிலேயே சின்ன விமான நிலையம் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து போனால் துரொம்சோவில் மாறவேண்டும், மாறுகிற இடத்தில் மீன் பெட்டி மாறிப்போகலாம். அல்தாவில் இருந்து நேரே ஒஸ்லோ. ஆகவே பேருந்து. வழியில் சென்னலாண்டெ என்ற மொட்டை மேட்டுவெளி வரும். காற்று எழும்பினால் பாதையை மூடி, பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வாகனங்களைக் கூட்டமாக விடுவார்கள். சில நாள் அதுவும் இல்லை.

ஓட்டுநர் நோர்வேக்காரர், என் வயதுக்காரர். மேடு ஏறமுன் அவரிடம் மூன்று தரம் போய்க் கேட்டேன், பாதை திறந்திருக்கிறதா என்று. மூன்றாம் தரம் அவர் சொன்னார்: "நீங்கள் இருக்கையில் இருந்தால்தான் நான் ஓட்டலாம்."

எல்லோரும் எனக்கு அதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போய் இருந்தேன். மேட்டில் காற்றே இல்லை. விடிகிற வெளிச்சத்தில் வெண்பனி இளஞ்சிவப்பாகக் கிடந்தது. பார்த்தவுடன் மனைவிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "இருந்து எடுத்ததோ, எழும்பி எடுத்ததோ?" என்று பதில் வந்தது.

அல்தா விமான நிலையத்தில் புரொடரைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். சோதனைப் பெட்டிக்குள் அது தனியாகப் போய் வந்தது. எடுத்து மேற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். விமானம் இரண்டு மணித்தியாலம். பக்கத்து இருக்கைப் பெண்மணி ஏறியதில் இருந்து இறங்கும் வரைக்கும் ஒரே காலுறையைப் பின்னிக்கொண்டிருந்தார். குலுங்கின நேரத்திலும் ஒரு கண்ணி தவறவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

பிற்பகல் 2.10

கார்டெர்மோன் விமான நிலையத்தில் இருந்து ஒஸ்லோ நடுநிலையத்துக்குச் சாதாரண ரயிலில் 129 குரோனர், இருபத்திமூன்று நிமிடம். இதைவிட வேகமான ரயில் ஒன்று இருக்கிறது. விலை இரட்டிப்பு, மிச்சப்படுவது நான்கு நிமிடம். பிறகு நிலக்கீழ் ரயில், மூன்றாம் இலக்கம், கடைசி நிலையம் மோர்டென்ஸ்ருட். ஏறினால் இறங்குகிற இடத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, கடைசி வரைக்கும் இருந்தால் சரி. இப்படியான பாதைகளை நான் விரும்புவேன்.

இறங்கினதும் முதலில் பார்த்தது நிலத்தை. நடைபாதை காய்ந்து கிடந்தது. குளிர்காலத்தில் தூவின சின்னக் கற்கள் மட்டும் காலடியில் நறநறத்தன. மார்ச் மாதத்தில் காய்ந்த நிலத்தைக் கண்டு முப்பது வருடமிருக்கும்.

நேசன் நிலையத்துக்கு வந்திருந்தான். என் மனைவியின் தம்பி. இந்த நிலக்கீழ் ரயிலைத்தான் ஓட்டுகிறான். வேலை இல்லாத நாளிலும் ரயிலைப் பார்த்துக் கைகாட்டுகிறான். பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, "என்ன அத்தான், மெலிஞ்சுபோனியள். மோள் தோக்கப்போறா எண்ட கவலையோ?" என்றான்.

"தோக்கிறதெண்டால் தோக்கட்டும். விழாமல் இருந்தால் சரி."

"விழுத்த மாட்டினம். குகன் அண்ணையின்ரை பிள்ளையள் சுத்தமாய் விளையாடுவினம்."

குகன்தான் ஒஸ்லோ அணியின் பயிற்சியாளர். எங்கள் ஆள்தான். முப்பது வருடத்துக்கு முன்னர் ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் இரண்டு குளிர்காலம் என் பக்கத்தில் நின்று மீன் வெட்டினவன். பிறகு ஒஸ்லோவுக்குப் போனான். அதன்பின் நான் அவனைக் காணவில்லை. அவன் கூடைப்பந்து ஆடுவான் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. நேசன் ஞாயிற்றுக்கிழமைகளில் வயது போனவர்களோடு விளையாடப் போகிறான். அங்கே குகனோடு பழகி, இப்போது அவனுடைய அணிக்குப் பக்தனாகிவிட்டான்.

வீடு வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் நேசனின் மனைவி சுகி என் மேற்சட்டையை வாங்கி மாட்டும்போது பைக்குள் கைவிட்டுப் புரொடரை எடுத்தாள். கதை அவளுக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும்.

"அண்ணை, இதை எங்கை கொண்டுபோறியள்?"

"சும்மா. கிடக்கட்டும்."

"கிடக்கட்டும். இஞ்சை கிடக்கட்டும்," என்று கதவுக் கொழுவியில் தொங்கவிட்டாள்.

இரவுச் சாப்பாடு நான் கொண்டுபோன மீனின் குழம்பும் சோறும். நேசன் கறியோடு சேர்த்துக் குகனையும் பரிமாறினான். குகன் அண்ணை ஆட்டத்தை எழுதிப் படிக்கிறாராம், குகன் அண்ணை யாரையும் ஏசமாட்டாராம், குகன் அண்ணைக்கு மூளை.

"அவ்வளவு மூளை இருந்தால் ஏன் மாதாமாதம் கார் நிப்பாட்டின தண்டம் கட்டுறார்?" என்றாள் சுகி. "அண்ணை, இந்த மனிசன் என்ரை பிறந்தநாளை மறந்திட்டார். குகனின்ரை பிறந்தநாளுக்குக் கேக் வாங்கினவர்."

"அது அணி வாங்கினது."

"நீங்கள்தானே போய் வாங்கினனீங்கள்?"

துரொண்ட்ஹெய்ம் அணி பேருந்தில் அப்போது வந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீற்றர். மகளுக்கு எழுதினேன்: காலை நீட்டி வைச்சிரு. பதில் இல்லை. படுக்கமுன் இன்னொன்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

சனிக்கிழமை, பிற்பகல் 2.15

ஹெல்ஸ்ஃபிர் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிட நடை. விளையாட்டு மண்டபம் வெளியில் இருந்து பார்த்தால் ஒரு பெரிய சாமான் கிடங்கு. நுழைவு 80 குரோனர். உள்ளே பெற்றோர் சிலர் முறைவைத்து வாபிள் சுட்டு விற்றார்கள், ஒன்று 30, கோப்பி 25. தோல்வியோ வெற்றியோ, நோர்வேயில் எந்த மண்டபத்துக்குள் போனாலும் இந்த வாபிள் மணம்தான்.

நேசன் ஒஸ்லோ அணியினர் வரிசையாக இருக்கும் நீள வாங்குக்குப் பின்னால், மூன்றாம் வரிசையில் இடம் பிடித்தான். நான் வரிசையின் நடுவில் இருக்கவேண்டும் என்று சொன்னேன். இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தால் எழும்புவது கஷ்டம். ஒரு பக்கம் நேசன். மற்றப் பக்கத்தில், கையில் துரொண்ட்ஹெய்ம் அணியின் நீலக் கொடியோடு, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து அமர்ந்தார். நாங்கள் கதைப்பதைக் கேட்டுத் திரும்பினார்.

"சார், தமிழா? நான் கார்த்திக், மதுரை. துரொண்ட்ஹெய்ம்ல நாலு வருஷம் ஆராய்ச்சி பண்ணேன், இப்ப இங்க வேலை. அந்த டீமை விட முடியல."

"இவரின்ரை மோள்தான் ஒன்பதாம் இலக்கம்," என்றான் நேசன்.

"ஆரணியா! அவங்கதான் சார் டீமே!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா இன்னைக்குக் கஷ்டம்தான். அந்தக் கோச்சுக்கு அதிர்ஷ்டம் அதிகம்."

நேசன் நிமிர்ந்தான். "என்ன அதிர்ஷ்டம், தம்பி? மூண்டு வருசம் அதிர்ஷ்டம் வருமோ?"

"அதிர்ஷ்டம்னா, ஆளுங்க அதிர்ஷ்டம். பாருங்க, அவர்கிட்ட பன்னெண்டு பேர். எல்லாம் உயரம். தலைநகரம், எல்லாரும் இங்கதான் படிக்க வர்றாங்க. எங்ககிட்ட ஏழே பேர், அதுவும் பஸ்ல வந்து களைச்சுப்போய். அந்தப் பன்னெண்டு பேரைக் குடுத்தா எங்க அப்பத்தாகூட ஜெயிச்சுக் காட்டும்."

"போன வருசம் அவரிட்டை எட்டுப் பேர்தான். அதுக்கு என்ன சொல்லுறீர்?"

"போன வருஷம் எதிர் டீமுக்குக் காய்ச்சல்."

"அதுக்கு முந்தின வருசம்?"

"அது ரெஃப்ரி."

"அப்ப தோத்த ஆக்கள் எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கு. வெண்ட மனிசனுக்கு மட்டும் ஒரு காரணமும் இல்லை. அப்பிடியோ?"

கார்த்திக் சிரித்துவிட்டார். எழும்பிப் போய் மூன்று வாபிள் வாங்கிவந்து ஒன்றை நேசனிடம் நீட்டினார். நேசன் வாங்கினான், வாங்கின கையோடு, "இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை," என்றான். ஆளுக்கொரு பக்கத்தில் இருந்து என் தலைக்கு மேலால் கதைத்தார்கள். ஒருவர் கோச் என்றார், மற்றவர் த்ரேனர் என்றார். நான் என் வாபிளை நாலாக மடித்து வைத்துக்கொண்டு மகளைத் தேடினேன்.

எதிர்ப்பக்கத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். முழங்காலில் கறுப்புப் பட்டி. அணியில் எல்லாரையும்விடக் கட்டை. தலை நிமிர்ந்து பார்வையாளர் வரிசையை ஒரு தரம் பார்த்தாள். என்னைக் கண்டாள் என்று நினைக்கிறேன். கை காட்டவில்லை. முதலில் என் கால்களைத்தான் பார்த்திருப்பாள்.

பிற்பகல் 3.00

ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி. எனக்கு விதிகள் அவ்வளவாகத் தெரியாது. மகள் பந்தைக் கொண்டுவருவாள், யாருக்கோ கொடுப்பாள், திரும்ப வாங்குவாள். மற்றவர்கள் ஓடிய இடத்துக்கு அவளுடைய கண் முன்னமே போயிருக்கும். இதை எட்டு வருடம் நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

நாலு நிமிடம் போயிருக்கும். முன்னால் நின்ற குகன் குனிந்தான். தலை நரைத்து, வயிறு வைத்திருந்தாலும் குனிகிற விதம் மாறவில்லை. வாங்கின் பலகையில் மடித்த விரல் மொழியால் இரண்டு தரம் தட்டினான். டக், டக். அதில் இருந்தவர்களில் ஐந்து பேர் எழும்பினார்கள். அடுத்த தடவை ஆட்டம் நின்றபோது உள்ளே நின்ற ஐந்து பேரும் வெளியே வந்தார்கள். அதில் ஒருத்தி அப்போதுதான் தொடர்ந்து மூன்று தரம் கூடைக்குள் போட்டிருந்தாள். அவளையும் எடுத்துவிட்டான்.

"பாத்தீங்களா?" என்றார் கார்த்திக். "நல்லா ஆடற பொண்ணை வெளிய எடுக்கறாரு. இது என்ன கோச்சிங்? ஆள் இருக்கற திமிரு."

என் காது அந்தத் தட்டலில் நின்றுவிட்டது.

தொழிற்சாலையில் எங்கள் வரிசைக்கு ஒட்பியோர் என்ற அறுபது வயதுப் பெண் மேற்பார்வை. வரிசையில் வெட்டுகிறவர், முள்ளு எடுக்கிறவர், நிறுக்கிறவர், பெட்டியில் அடுக்குகிறவர் என்று ஆட்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அவர் கத்திப் பிடியால் இரும்பு மேசையில் இரண்டு தரம் தட்டுவார். டக், டக். எல்லாரும் ஓர் இடம் தள்ளி நிற்கவேண்டும். வேகமாக வெட்டுகிறவனும் தள்ளவேண்டும். எனக்கு அது பிடிக்காது. கை சூடுபிடித்து ஓடுகிற நேரத்தில் ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டேன். "நொந்த பிறகு மாற்றினால் நாளைக்கு நீ வரமாட்டாய்," என்றார். அந்த வரிசையில் ஒருவரும் கை வீங்கி வீட்டில் இருந்ததில்லை. குகன் எனக்கு அடுத்த இடத்தில் நின்றான்.

நேசனிடம் சொன்னேன்: "உது மீன் பக்டரி."

"என்ன?"

"அவன் செய்யிறது. எங்கடை வரிசை."

"அத்தான், சும்மா இருங்கோ. அவர் அமெரிக்காக்காரரின்ரை ஆட்டத்தைப் பாத்துப் படிச்சவர்."

"சார் சொல்றதுதான் எனக்குப் புடிச்சிருக்கு," என்றார் கார்த்திக். "மீன் ஃபாக்டரி!"

இருவரும் முதல் தடவையாக ஒன்றாகச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் தொலைபேசியை மடியில் வைத்து நேரம் பார்க்கத் தொடங்கினேன். நாலு நிமிடம், டக் டக். நாலேகால், டக் டக். புள்ளி கூடினாலும் குறைந்தாலும் அவன் தட்டினான்.

பிறகு மகளின் வாங்கைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் மாற்றமே இல்லை. மகளின் பயிற்சியாளர் ஓர் இளம் பெண். அவளே போன வருடம் வரைக்கும் விளையாடினவளாம். ஆரணியை எடுத்தால் பந்து கொண்டுபோக ஆள் இல்லை என்ற பயம் அவளுடைய முகத்தில் தெரிந்தது. அரை ஆட்டத்தில் ஒஸ்லோ 31, நாங்கள் 29. மூன்றாம் பகுதி முடிய 46க்கு 45. மகள் ஒரு நிமிடமும் வெளியே இருக்கவில்லை. ஓட்டத்தில் இடது கால் அரைக் கணம் பிந்தி வந்தது. வேறு யாருக்கும் தெரிந்திராது.

இறங்கிப் போனால் முப்பது அடி. அந்தப் பெண்ணிடம் இரண்டு வசனம்: இரண்டு நிமிடம் எடுத்துவிடு பிள்ளை, நொந்த பிறகு எடுத்தால் பிரயோசனம் இல்லை. சரியான விஷயம்தான். எனக்கு முப்பது வருடமாகத் தெரிந்த விஷயம். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் இருந்தேன்.

பிற்பகல் 4.20

கடைசிப் பகுதி, ஆறு நிமிடம் மிச்சம். பந்து வெளியே போகப்போனது, ஆரணி பாய்ந்தாள், ஒஸ்லோப் பிள்ளை ஒருத்தியும் பாய்ந்தாள். இரண்டு பேரும் மோதி, என் மகள் அந்த முழங்காலில் விழுந்தாள். மண்டபம் முழுக்க ஒரு மூச்சு இழுத்தது.

நேசன் என் கையை இறுக்கிப் பிடித்தான்.

"விடு. நான் எழும்பேல்லை," என்றேன்.

"எழும்பேல்லைத்தான். ஆனால் நடுங்குறியள்."

"நடுங்கக்கூடாது எண்டு அவள் சொல்லேல்லை."

அவள் நிலத்தில் இருந்தாள். இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்திருந்தாள். நடுவர் குனிந்து ஏதோ கேட்டார். எட்டு வருடம் மனதுக்குள் நான் அந்தப் படிகளில் இறங்கிக்கொண்டே இருந்தேன் போல, கால் இரண்டும் தானாக ஊன்றின. அவள் தலையைத் தூக்கினாள். தன் வாங்கைப் பார்க்கவில்லை. நேரே மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை. எழும்பவும் இல்லை.

பிறகு தானே எழும்பினாள். காலை ஊன்றிப் பார்த்தாள், நடந்து பார்த்தாள். பிறகு தன் வாங்கின் பக்கம் திரும்பி, விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டினாள். என்னை மாற்று.

அன்றைக்கு அவளாகவே கேட்ட முதல் மாற்றம் அது. அவள் வாங்கில் இருந்த மூன்று நிமிடத்தில் எங்கள் அணி ஏழு புள்ளி பிந்தியது. கார்த்திக் கொடியால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் ஐஸ் பையை வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தாள். நான் மூச்சு விட்டேன். தோற்கிற நேரத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்தது.

மூன்று நிமிடம் இருக்கத் திரும்ப இறங்கினாள். இடது கால் பிந்தவில்லை. ஏழு ஐந்தானது, மூன்றானது, ஒன்றானது. 59க்கு 58. நேசன்கூட வாயைத் திறந்துகொண்டு இருந்தான். கடைசியில் ஒஸ்லோவுக்கு இரண்டு தண்ட எறிதல் கிடைத்தது. இரண்டும் விழுந்தன. 61க்கு 58. நாலாம் வருடமும் கிண்ணம் குகனுக்கு.

"அவங்க வெளிய போன அந்த மூணு நிமிஷம்தான் சார் தோத்தது," என்றார் கார்த்திக்.

"வெளியாலை போகாட்டி பத்துப் புள்ளியாலை தோத்திருப்பினம்," என்றான் நேசன்.

"நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"நீர் எப்பிடிச் சொல்லுறீர்?"

யார் சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சனம் இறங்கத் தொடங்கியது. வாக்குக் கொடுத்தபடி நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். எப்போது எழும்பலாம் என்று அவள் சொல்லியிருக்கவில்லை. அவள் ஆடுகளத்தைக் குறுக்காகக் கடந்து எங்கள் வரிசைக்குக் கீழே வந்து நின்றாள். முகம் சிவந்து, கண் நனைந்திருந்தது.

"அப்பா, இறங்கி வாங்கோ. படம் எடுக்கப்போறம்."

"உள்ளுக்கோ?"

"ஓம், உள்ளுக்குத்தான்."

நான் காலைத் தூக்கிச் சப்பாத்தின் அடியைப் பார்த்தேன். புரொடர் மோர்டென்ஸ்ருட்டில் கதவில் தொங்குகிறது என்று தெரியும். இருந்தாலும் பார்த்தேன். பிறகு சப்பாத்தையே கழற்றி நேசனிடம் கொடுத்துவிட்டுக் காலுறையோடு இறங்கினேன். வலது காலுறையில் பெருவிரலுக்கு ஓட்டை. மரத்தளம் நான் நினைத்ததைவிடச் சூடாக இருந்தது, மெல்ல எழுப்பிவிடுகிற மாதிரி ஒரு துள்ளலும் அதில் இருந்தது. நடுவட்டம் வரை நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். தடம் இல்லை.

குகன் கிண்ணத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்தான். என் ஓட்டைக் காலுறையைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தான்.

"அண்ணை! இவ உங்கடை மோளோ? அப்ப நான் பயந்ததிலை பிழையில்லை."

"குகன், ஒண்டு கேக்கவேணும். என்ன உம்மடை ரகசியம்? அங்கை மேலை இரண்டு பேர் சண்டை."

"என்ன ரகசியம்? உயரமான பிள்ளையள் கிடைச்சது."

"அப்ப அந்த டக் டக்?"

"எந்த டக் டக்?"

"வாங்கிலை தட்டுறது. ஒட்பியோர் தட்டின மாதிரி."

அவன் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். விரல் மொழிகள் சிவந்திருந்தன. "நான் தட்டுறனானோ?" என்றான். அதே கையால் காற்றில் இரண்டு தரம் தட்டிப் பார்த்தான். பிறகு, "கிழவி," என்று மட்டும் சொன்னான், அன்பாக.

படம் எடுத்தார்கள். இரண்டு அணிகளும் கலந்து நின்றன. ஆரணி என் தோளில் பாரம் போட்டு இடது காலைத் தூக்கி வைத்திருந்தாள்.

"நீங்கள் எழும்புவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்," என்றாள், படம் எடுப்பவரைப் பார்த்தபடியே. "எழும்பியிருந்தால் நோகேல்லை எண்டு காட்ட நானும் எழும்பி ஓடியிருப்பன். நீங்கள் எழும்பேல்லை. அதுக்குப் பிறகுதான் எனக்குக் களைப்புத் தெரிஞ்சது."

"கால் நோகுதோ?" என்றேன்.

"அப்பா."

"சரி, கேக்கேல்லை."

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 4.30

அவள் அணியோடு அன்றிரவே துரொண்ட்ஹெய்முக்குப் பேருந்தில் போய்விட்டாள். நான் ஞாயிறு காலை மோர்டென்ஸ்ருட்டில் ரயில் ஏறினேன். நேசன் நடுநிலையம் வரை வந்தான். கார்த்திக்கின் இலக்கம் இப்போது அவனுடைய தொலைபேசியில். வழிநெடுகச் செய்தி வந்தது, வழிநெடுகப் பதில் போனது. இரண்டு பேரும் அடுத்த கிழமை ஒன்றாகக் கோப்பி குடிக்கப்போகிறார்களாம், சண்டையை முடிக்க. முடியாது.

அல்தாவில் இறங்கினபோது பூச்சியத்துக்குக் கீழே பதினொன்று. விமான நிலைய வாசலில் இருந்தே கண்ணாடிப் பனி. ஒஸ்லோவில் ஆட்கள் நிலத்தைப் பார்க்காமல் நடக்கிறார்கள். இங்கே நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் யாரோடும் கதைப்போம். வாசலில் கிடந்த வாங்கில் அமர்ந்து, சுகி மறக்காமல் பையில் வைத்துவிட்ட புரொடரை எடுத்து மாட்டினேன்.

பேருந்து மேட்டில் ஏறும்போது தொலைபேசி அதிர்ந்தது. ஆரணி. ஜூன் மாதம் பட்டமளிப்பு, உங்களுக்கும் அம்மாவுக்கும் முன்வரிசையில் இடம் எடுக்கிறன், என்று எழுதியிருந்தாள். மூன்று தரம் வாசித்தேன். அந்த மண்டபத்தில் நிலம் மரமா, கல்லா என்று கேட்டு அனுப்பினேன்.

மேட்டுவெளியில் தொடர்பு விட்டுப்போனது. இருபது நிமிடம் ஒன்றும் வரவில்லை. ஓட்டுநர் அதே ஆள். எழும்பிப் போய் ஒன்றும் கேட்கவில்லை, இருந்தேன். இறக்கத்தில் திரும்ப அதிர்ந்தது.

"எதெண்டாலும் வாங்கோ."